எண் தெரிந்தவருக்கே திறக்கும் அறை
காஞ்சிபுரம் மாவட்ட நீதிமன்ற ஆவணங்களும் மக்களின் உரிமையும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. நெசவு ஊர். குழித்தறி போட்ட வீட்டில் கூடத்தின் நீள அகலம்தான் தறி நிற்குமா நிற்காதா என்பதை முடிவுசெய்யும். அப்படிப்பட்ட வீட்டை அண்ணன் தம்பிகள் பங்கு பிரிக்க நேர்ந்தால், நடுச்சுவர் எந்த இடத்தில் எழும்புகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கிவிடும். ஊர்ப் பெரியவர்களால் தீர்க்க முடியாதது கோர்ட்டுக்குப் போகும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போய்த் தீர்ந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கை எண்ணிக்கொள்வோம். வழக்காடியவர்கள் இன்று இல்லை. பேரன் அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வங்கிக்குப் போகிறார். வில்லங்கச் சான்று, பட்டா, பத்திரம் எல்லாவற்றையும் பார்த்த வங்கியின் வழக்கறிஞர் ஒரு வரியில் விரலை வைக்கிறார். இந்தச் சொத்து நீதிமன்றத் தீர்ப்பின்படி பாட்டனாருக்குப் பாத்தியப்பட்டது என்கிறது பத்திரம். “அந்தத் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி எங்கே?”

வில்லங்கச் சான்றில் ஏன் அது வரவில்லை என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே விடை உண்டு. நீதிமன்றத் தீர்ப்பாணைகளைப் பெரும்பாலும் கட்டாயமாகப் பதிவு செய்யத் தேவையில்லை என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தின் ஏடுகளில் அந்தத் தீர்ப்பின் சுவடு இல்லாமலே போகலாம். அது இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: நீதிமன்றத்தின் பதிவறை.

அந்த அறை மக்களுடையது. அங்குள்ள தீர்ப்புகள் மக்கள் பெயரால், மக்கள் பணத்தில், திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டவை. ஆனாலும் வழக்கு எண்ணும் ஆண்டும் நீதிமன்றத்தின் பெயரும் கையில் இருப்பவருக்கே அது திறக்கிறது. சட்டம் கதவை அடைத்துவைத்திருப்பதால் வருகிற இடர் குறைவு. தேடும் வழி தெரியாததால் வருகிற இடரே மிகுதி. அந்த வழியை விளக்கிச் சொல்வதும், அது எங்கெல்லாம் சாமானியரைக் கைவிடுகிறது என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பொது ஆவணம் எது?

1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 74-ஆம் பிரிவில் பொது ஆவணங்களை வரையறுத்தது. இறைமை அதிகாரம், அரசு அமைப்புகள், தீர்ப்பாயங்கள், நீதித்துறை அலுவலர்கள் ஆகியோரின் செயல்களும் அச்செயல்களின் பதிவுகளும் பொது ஆவணங்கள். 76-ஆம் பிரிவு அடுத்த படியைச் சொன்னது: பார்வையிட உரிமை உள்ள எவரும் உரிய கட்டணம் செலுத்திக் கேட்டால், ஆவணத்தைக் காவலில் வைத்திருக்கும் அலுவலர், “இது உண்மை நகல்” என்று சான்றெழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டுத் தரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், இதே ஏற்பாட்டைத் தன் 74, 75-ஆம் பிரிவுகளில் வைத்திருக்கிறது.

தீர்ப்பும் தீர்ப்பாணையும் நீதிபதியின் செயல்கள். அவை பொது ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. வாதி தாக்கல் செய்த பழைய கடிதமோ, பிரதிவாதி காட்டிய குடும்பக் கணக்கேடோ அப்படியல்ல. வழக்குக் கட்டுக்குள் சேர்ந்துவிட்டாலும் அவற்றின் பிறப்பு தனியாருடையது. ஆக ஒரே கட்டுக்குள் இரண்டு வகைத் தாள்கள் இருக்கின்றன. நகல் கேட்டுப் போகிறவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, தமக்கு எந்த வகைத் தாள் வேண்டும் என்பதே. “கேஸ் கட்டு முழுக்க வேணும்” என்று கேட்பவரைவிட, “தீர்ப்பும் இறுதித் தீர்ப்பாணையும் வேண்டும்” என்று கேட்பவருக்கு வழி எளிது.

பாகப்பிரிவினை வழக்கில் இந்தத் தெளிவு இன்னும் முக்கியம். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது முதல்நிலைத் தீர்ப்பாணை. ஆணையர் நேரில் வந்து அளந்து வரைபடம் தந்தபின், எந்தச் சுவர் யாருக்கு என்று வரையறுப்பது இறுதித் தீர்ப்பாணை. முத்திரைச் சட்டப்படி பங்கு பிரிக்கும் இறுதி ஆணை உரிய முத்திரைத் தாளில் எழுதப்பட வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பாணையோடு நின்றுவிட்ட குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பங்கின் அளவு தெரியும். பங்கின் இடம் தெரியாது.

எந்தக் கோர்ட்?

தேடல் தொடங்க வேண்டிய இடம் ஊர்; ஆனால் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் பிரிந்து காஞ்சிபுரமும் திருவள்ளூரும் உருவாயின. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்சியர் அலுவலகம் காஞ்சிபுரத்தில் இருந்தது; காஞ்சிபுரம் மாவட்ட முதன்மை நீதிமன்றமோ செங்கல்பட்டில் அமர்ந்தது. ஆகவே பத்திரத்தில் “காஞ்சிபுரம் மாவட்ட நீதிமன்றம்” என்று இருந்தால், அந்தத் தீர்ப்பு காஞ்சிபுரத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று கொள்ளக் கூடாது. “மாவட்ட முன்சீப் நீதிமன்றம், காஞ்சிபுரம்” என்பது வேறு. “மாவட்ட நீதிமன்றம்” என்பது வேறு.

இந்த அடுக்கின் அடித்தளம் 1873-ஆம் ஆண்டு மெட்ராஸ் சிவில் கோர்ட்டுகள் சட்டம். மாவட்ட முன்சீப், சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்ற மூன்று படிகள் இன்றும் நிற்கின்றன. சொத்தின் மதிப்பைப் பொறுத்து வழக்கு எந்தப் படியில் தொடங்கும் என்பது முடிவாகும். முன்சீப் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு. அதையும் எதிர்த்து, சட்டக் கேள்வி இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மேல்முறையீடு போனால் கீழ்க் கோர்ட்டின் கட்டும் மேலே போகும். அதனால் பதிவறையில் “கட்டு இல்லை” என்ற பதில் வந்தால், “அப்பீல் போயிருக்கிறதா? கட்டு திரும்பி வந்ததா?” என்று கேட்க வேண்டும். அந்த விவரம் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

வழக்கு ஊரை விட்டு வெளியேறுவதற்குக் காஞ்சிபுரமே நாடறிந்த சான்று. வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் வளாகத்தில் கொல்லப்பட்டார். அந்த வழக்கைச் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் 2005-இல் ஆணையிட்டது. விசாரணையை எதிர்கொண்ட அனைவரையும் 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் நடந்தது சின்ன காஞ்சிபுரத்தில். தீர்ப்பு பிறந்ததோ வேறொரு ஆட்சிப் பகுதியில். அதன் நகல் வேண்டுவோர் செல்ல வேண்டியது அங்கேதான். ஆவணம் குற்றம் நடந்த இடத்தில் இருப்பதில்லை. விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன இடத்தில் இருக்கிறது.

எண்ணைக் கண்டுபிடித்தல்

நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் பெயர் அதன் எண்தான். அசல் வழக்கை ஓ.எஸ். என்றும், முதல் மேல்முறையீட்டை ஏ.எஸ். என்றும், இடைநிலை மனுவை ஐ.ஏ. என்றும், நிறைவேற்று மனுவை ஈ.பி. என்றும் கோர்ட் வட்டாரத்தில் சொல்வார்கள். சாலை விபத்து இழப்பீட்டுக்கு எம்.சி.ஓ.பி.; நிலம் கையகப்படுத்திய இழப்பீட்டுக்கு எல்.ஏ.ஓ.பி. இந்த எழுத்துகள் தெரிந்தால், பழைய காகிதத்தின் மூலையில் மங்கிக் கிடக்கும் ஒரு குறிப்பைக்கூடப் படித்துப் பொருள் கொள்ளலாம்.

அண்மை ஆண்டுகளின் வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் இணையதளம் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் தரப்படுகிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். வழக்கு ஒரு கோர்ட்டுக்குள் எத்தனை அறை மாறினாலும் இந்த அடையாளத்தைக் கொண்டு பின்தொடரலாம். அது தெரியாதவர்கள் கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வழக்கறிஞர் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் ஆகியவற்றால் தேடலாம். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. 2015 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில், மாவட்டந்தோறும் நிலுவையில் உள்ள வழக்குகளின் எண்ணிக்கையும் வயதும் காணக்கிடைக்கின்றன.

பெயரால் தேடுவதில்தான் தமிழருக்குத் தனிச் சங்கடம் இருக்கிறது. தேடல் நடப்பது ஆங்கில எழுத்தில். முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். தலைப்பெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா, இடையில் புள்ளி உண்டா என்பது தட்டச்சு செய்தவரைப் பொறுத்தது. அம்மாள் என்ற பின்னொட்டு ஒரு மனுவில் இருக்கும், மறு மனுவில் இருக்காது. ஒரு எழுத்து தவறினால் “பதிவு இல்லை” என்று திரை சொல்லிவிடும். வழக்கே இல்லை போலும் என்று தேடியவர் திரும்பிவிடுவார். முழுப் பெயரைத் தட்டுவதைவிட, பெயரின் மாறாத முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் தட்டி, ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றி, முடிந்த வழக்கு, நடக்கும் வழக்கு இரண்டிலும் பார்ப்பது பயன் தரும். எதிர்க்கட்சிக்காரர் பெயரிலும் தேட வேண்டும்.

கணினி வருவதற்கு முந்தைய வழக்கென்றால் ஏடுதான் துணை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 4-ஆம் கட்டளை 2-ஆம் விதிப்படி, ஏற்கப்பட்ட ஒவ்வொரு வழக்கும் ஆண்டுவாரியாக எண்ணிட்டு அசல் வழக்குப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வாதி பிரதிவாதி பெயர்கள், கோரிக்கை, தீர்ப்பு நாள், மேல்முறையீடு, நிறைவேற்றம் என்று ஒரு வழக்கின் முழு வாழ்க்கையும் அதில் ஒரு வரிசையாக ஓடும். ஆண்டு தெரிந்தால் பதிவேட்டைத் தேடித் தரும்படி மனுச் செய்யலாம். ஆண்டை எப்படி அறிவது? தாய்ப்பத்திரத்தின் நாள், வீட்டு வரி ரசீதில் பெயர் மாறிய ஆண்டு, பழைய வக்கீல் அனுப்பிய அஞ்சலட்டை, பரணில் கிடக்கும் சம்மன், ஊர்ப் பெரியவர் நினைவு என்று எல்லாமே துப்பு. “பெரிய வெள்ளம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்” என்று பாட்டி சொன்னால், அதையும் ஓர் ஆண்டாக மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

நகல் மனு

எண் கிடைத்தபின் செய்ய வேண்டியது நகல் மனு. கோர்ட் பேச்சில் “காப்பி அப்ளிகேஷன்”. வழக்கு எண், கட்சிக்காரர்கள், தீர்ப்பு நாள், எந்த ஆவணம், எதற்காக என்று எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுக்க வேண்டும். மனுவுக்கென்று ஓர் எண் தருவார்கள். கட்டு பதிவறையிலிருந்து நகல் பிரிவுக்கு வந்ததும், பக்கங்களைக் கணக்கிட்டு, கட்ட வேண்டிய தொகையை அறிவிப்புப் பலகையில் இடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனுக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பவர்கள் இழப்பது இங்கேதான். பலகையைப் பார்ப்பதும் மனுவின் ஒரு பகுதி.

கையில் கிடைக்கும் நகலில் சில நாள்கள் குறிக்கப்பட்டிருக்கும்: மனுச் செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். அலுவலகக் குறிப்புதானே என்று இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. முன்சீப் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதென்றால் 90 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தை இந்தக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அந்த நாள்களுக்குச் சாட்சி நகலில் உள்ள குறிப்புதான். கட்டணம் கட்டத் தாமதித்தது நம் தவறானால், அந்த நாள்கள் கழியாது.

தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் கெடு 12 ஆண்டு. ஐம்பது ஆண்டுப் பழைய தீர்ப்பாணையைக் கொண்டு இன்று அமீனாவை அழைத்துச் சென்று சுவரை இடிக்க முடியாது. ஆனால் இந்தச் சொத்து யாருக்கு எப்படி வந்தது என்பதற்கு அது சான்றாக நிற்கும். ஐயம்பேட்டைப் பேரனுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

குற்ற வழக்குகளில் வழி சற்றே மாறுபடும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம். மற்றவர்கள் உயர் நீதிமன்ற விதிகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம். முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363-ஆம் பிரிவில் இருந்த இது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவில் உள்ளது. முதல் தகவல் அறிக்கையை, அந்தரங்கம் காக்க வேண்டிய வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றப்பத்திரிகையையும் அப்படி ஏற்றக் கோரிய மனுவை அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் தள்ளியது; குற்றப்பத்திரிகை பொது ஆவணம் ஆகாது என்றது.

காரணம் கேட்கும் கவுன்ட்டர்

வழக்கில் கட்சிக்காரராக இருந்தவர், அவருடைய வாரிசு, அவரிடம் சொத்து வாங்கியவர் ஆகியோருக்குத் தங்கள் தொடர்பைக் காட்டுவது எளிது. அந்த வழக்கோடு எந்த ஒட்டும் இல்லாதவர், ஓர் ஆய்வாளரோ, செய்தியாளரோ, ஊர் வரலாறு எழுதும் ஆசிரியரோ கேட்டால்? அவரைக் கோர்ட் மொழியில் மூன்றாம் நபர் என்பார்கள். ஏன் வேண்டும் என்று பிரமாண வாக்குமூலத்தில் காரணம் சொல்லி, நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் இந்தத் தடை நீங்கும் என்று பலர் நம்பினார்கள். அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி விண்ணப்பதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குஜராத் உயர் நீதிமன்றத்தில் இருந்த வழக்கு ஆவணங்களை ஒருவர் இச்சட்டப்படி கேட்டதிலிருந்து எழுந்த வழக்கில், 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாகப் பணியைத் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை உயர்ந்த ஆர். பானுமதி தலைமையிலான அமர்வு அது. நகல் பெற நீதிமன்ற விதிகளிலேயே வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியில் கேட்க முடியாது என்பது முடிவு. நீதிமன்றம் இந்த ஆவணங்களை வழக்காடுவோருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

தனியார் தந்த பத்திரங்களுக்கு இந்தக் காரணம் பொருந்தும். தீர்ப்புக்குப் பொருந்துமா? திறந்த நீதிமன்றத்தில்தான் விசாரணை நடக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 153-பி பிரிவில் சொல்கிறது. தீர்ப்புச் சொல்லும் நாளில் யார் வேண்டுமானாலும் அந்த அறைக்குள் நின்று கேட்டிருக்கலாம், “நீ ஏன் கேட்கிறாய்?” என்று டபேதார் தடுத்திருக்க மாட்டார். மறுநாள் அதே சொற்களைத் தாளில் கேட்டால் மட்டும் ஏன் காரணம் சொல்ல வேண்டும்? காதால் கேட்கும் உரிமை உள்ளவருக்குக் கண்ணால் படிக்கும் உரிமை இல்லை என்பதை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது. தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் காரணம் கேட்காத வழி வேண்டும். சான்றாவணங்களுக்கு மட்டும் காரணம் கேட்கலாம்.

அமெரிக்காவில் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு கவுன்ட்டி. அங்கே நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்குச் சென்று கட்டைக் கேட்கிறவர், பொதுவாகத் தம் தேவையை விளக்க வேண்டியதில்லை. நீதிமன்ற ஆவணங்களைப் பார்த்து நகலெடுக்கும் பொது உரிமை மரபிலேயே உண்டு, ஆனால் அது வரம்பற்றதல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978-இல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் சொன்னது. இங்கிலாந்து நடுவழியில் நிற்கிறது. கல்நார்த் தூசியால் நோயுற்றோருக்கு உதவும் ஓர் அமைப்பு, கேப் நிறுவனத்தின் மீதான வழக்கு ஆவணங்களைக் கேட்டபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு நெறியை வகுத்தது. நீதிபதி முன் வைக்கப்பட்ட ஆவணங்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பதே முறை. கேட்பவர், திறந்த நீதிக்கு அது எப்படி உதவும் என்று விளக்க வேண்டும் என்றது.

முழுத் திறப்புக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் வாடகை வழக்குப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டி வீட்டு உரிமையாளர்களுக்கு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. என்றோ ஒரு முறை வாடகை பாக்கிக்காகக் கோர்ட் ஏறியவருக்கு அடுத்த வீடு கிடைப்பது கடினமாகிவிடுகிறது. நம் நாட்டிலும் இந்தக் கவலை வந்துவிட்டது. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பிலுள்ள தம் பெயரை நீக்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் அதை மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர், சிறார், மணவாழ்க்கை வழக்குகளில் வரும் குடும்பத்தார் ஆகியோரின் அடையாளத்தைச் சட்டம் ஏற்கெனவே காக்கிறது. அது தளரக் கூடாது. பெயரை மறைத்துத் தீர்ப்பைத் தருவது முடிகிற காரியம். பெயருக்கு அஞ்சித் தீர்ப்பையே பூட்டிவைப்பது, நீதிபதியின் பணியையும் சேர்த்து மறைப்பதாகும்.

முதலில் அழிவது சாட்சியம்

எல்லாத் தாளையும் என்றென்றும் வைத்திருக்க இடமில்லை. 1917-ஆம் ஆண்டு ஆவணங்கள் அழிப்புச் சட்டம், எந்த ஆவணத்தை எப்போது அழிக்கலாம் என்று விதி செய்யும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குத் தந்தது. கட்டின் உள்ளடக்கம் பிரிக்கப்படுகிறது. தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுங்காலம் காக்கப்படும். மனுக்களும் சாட்சியங்களும் குறித்த ஆண்டுகள் கடந்தபின் அழிக்கப்படும். வழக்கு முற்றாக முடிந்தபின் தம் அசல் பத்திரங்களைத் திரும்பப் பெற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் கட்டளை 9-ஆம் விதி இடம் தருகிறது. வென்ற மகிழ்ச்சியிலோ தோற்ற சலிப்பிலோ பத்திரத்தைக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள், ஒரு தலைமுறைக்குப் பிறகு அதைத் தேடி அலைவது இதனால்தான்.

நிர்வாகத்துக்குத் தேவை தீர்ப்பு. வரலாற்றுக்குத் தேவை சாட்சியம். 1922 சௌரி சௌரா காவல் நிலைய எரிப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் ஷாகித் அமீன் எழுதிய நூலுக்கு அடித்தளம், கோரக்பூர் அமர்வு நீதிமன்றத்தில் அப்ரூவர் சொன்ன சாட்சியம். அந்த வழக்கில் 172 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 19 பேருக்கு அது உறுதியானது. இந்த எண்கள் தீர்ப்பில் இருக்கின்றன. அந்த மனிதர்களின் பேச்சு சாட்சியத்தில் இருக்கிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பற்றி மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் வெளியிட்ட ஆய்வும், கோயிலைச் சுற்றி எழுந்த வழக்குகளை விட்டுவிட்டு எழுதியிருக்க முடியாதது.

காஞ்சிபுரத்துக்கு இது இன்னும் பொருந்தும். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் அத்யாபக மிராசு யாருக்கு என்ற வடகலை, தென்கலை வழக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நீதிமன்றங்களில் நடந்துவருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் தீர்ப்பாணையை நீட்டித்தான் தன் வாதத்தைத் தொடங்குகிறது. நூறாண்டுப் பழைய தாள் ஒன்று, இன்றைய திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்பதை முடிவுசெய்கிறது. பெரிய கோயிலின் ஆவணங்களைக் காக்க இரு தரப்பிலும் ஆள் உண்டு. நெசவாளரின் ஆவணங்களைக் காப்பவர் யார்? முன்பணத்துக்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டு வழக்கு, பாவு நீட்டும் தெருவை ஆக்கிரமித்த வழக்கு, கூட்டுறவுச் சங்கத் தேர்தல் தகராறு, கைத்தறிக்கு ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்ததாக 1985-ஆம் ஆண்டு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் வருகிற வழக்கு, இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நெசவு ஊரின் பொருளாதார வரலாறு. அந்த ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்ன தீர்ப்பு எல்லா நூலகத்திலும் கிடைக்கும். அதே சட்டம் கீழ்க் கோர்ட்டுகளில் எப்படி நடந்தது என்பது பதிவறைக் கட்டுகளில் மட்டும் இருக்கிறது. அவை அழிந்தால் வேறெங்கும் கிடையாது.

செய்ய வேண்டியவை

மத்திய அரசு 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாயில் இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் 2,000 கோடிக்கும் மேல் பழைய ஆவணங்களை ஒளிவருடி, எண்மமாக்கிக் காப்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பணம் இருக்கிறது. எதை முதலில் செய்வது என்ற முடிவுதான் முக்கியம். ஒளிவருடிய கோடிக்கணக்கான பக்கங்கள், பெயரும் ஊரும் குறிக்கப்படாமல் கணினியில் கிடந்தால், பூட்டிய அறை ஒன்று போய் இன்னொன்று வந்ததாகவே முடியும். முதலில் எண்மமாக வேண்டியது அசல் வழக்குப் பதிவேடு. கட்சிக்காரர் பெயர் தமிழ் எழுத்திலும், சொத்து இருக்கும் கிராமத்தின் பெயரோடும் அதில் ஏற வேண்டும். ஐயம்பேட்டை என்று தட்டினால் ஐயம்பேட்டைச் சொத்துகள் மீது நடந்த வழக்குகள் ஆண்டுவாரியாக வர வேண்டும். நீதிமன்றங்களில் தமிழைக் கொண்டுவர ஆட்சிமொழிச் சட்டத்தை 1976-இல் திருத்திய மாநிலத்தில், வழக்கைத் தேடவும் தமிழ் போதும் என்ற நிலை வர வேண்டும்.

அழிப்பதற்கு முன் ஒரு கண் பார்க்க வேண்டும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அலுவலரும் அந்த வட்டார வரலாறு அறிந்த ஒருவரும் பட்டியலைப் பார்த்து, காக்க வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகே மீதி அழிய வேண்டும். மக்கள் தரப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. வீட்டில் உள்ள தீர்ப்பின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து, வழக்கு எண்ணையும் கோர்ட்டின் பெயரையும் ஆண்டையும் குடும்பக் குறிப்பில் எழுதிவைப்பது பெரிய வேலையல்ல. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வரம்புக்குட்பட்ட வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு அங்கே உதவி இலவசம்.

சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலச் செப்பேடுகள் இருக்கின்றன. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, காஞ்சியின் ஊரகம் கோயிலுக்கான ஏற்பாடுகளைச் சொல்கின்றன. கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவற்றில் நகரத்து நெசவாளர் சேரிகளில் குடியிருந்தோரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதற்குச் செலவு என்று வரிவரியாகச் செம்பில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொதுக் கணக்கை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள் காஞ்சி நெசவாளர்கள். அதே தொழிலைச் செய்யும் ஒருவர் இன்று தன் பாட்டனாரின் தீர்ப்பைக் கேட்டுக் கவுன்ட்டர் முன் நிற்கும்போது, அவரிடம் முதலில் கேட்கப்படுவது வழக்கு எண். அதைத் தேடித் தருவது நீதிமன்றத்தின் கடமையாக மாறும் நாளில்தான் அந்தப் பதிவறை பொது அறை ஆகும்.